க்ரானில் ஓடும் பேக்கப் கட்டளையில் கடவுச்சொல்லை எங்கே வைப்பது?

கேள்வி: இரவுஷிப்ட்

அனைவருக்கும் வணக்கம்.

நான் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். பிரிவு என்று பெயர் இருந்தாலும் அதில் இருப்பது நானும், ஆறு மாதப் பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி ஒருவரும்தான். இருப்புக் கணக்கும் சம்பளப் பட்டியலும் உபுண்டு 22.04 சர்வர் ஒன்றில், மைஎஸ்க்யூஎல் 8.0 தரவுத்தளத்தில் இருக்கின்றன. இரவு 1.30 மணிக்கு, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக இயக்கும் க்ரான் மூலம் பேக்கப் எடுக்கும்படி சில ஆண்டுகளுக்கு முன்பு நானே அமைத்தேன். தனியாக ஸ்கிரிப்ட் எதுவும் எழுதவில்லை. க்ரான் படிக்கும் பட்டியலான க்ரான்டேபிலேயே ஒரே வரியில், தரவுத்தளத்தைக் கோப்பாக வெளியே எடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளையை எழுதி, எல்லா உரிமைகளும் கொண்ட ரூட் பயனரின் பெயரையும் '-பி' என்பதோடு ஒட்டிக் கடவுச்சொல்லையும் கொடுத்து, வெளிவருவதை ஜிஸிப் வழியாகச் சுருக்கி ஒரு கோப்பில் சேர்த்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த வரியை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சென்ற மாதக் கடைசியில் சம்பள வேலைக்காக இருவரும் இரவில் தங்கியிருந்தோம். சர்வர் மந்தமாக இருக்கிறதே என்று அந்தத் தம்பி தன்னுடைய சாதாரணக் கணக்கிலிருந்து, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையை இயக்கிப் பார்த்தார். ரூட் உரிமையோடு கட்டளைகளை இயக்கும் சுடோ அனுமதிகூட அவருக்குக் கிடையாது. திரையில் மைஎஸ்க்யூஎல்டம்ப் தொடர்பாக இரண்டு வரிகள் இருந்தன. ஒன்றில் கடவுச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ் எழுத்துகள் மட்டுமே இருந்தன. அதற்கு மேலிருந்த வரியிலோ எங்கள் ரூட் கடவுச்சொல் ஓர் எழுத்துக் குறையாமல் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார், எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஒரே கட்டளை ஒரு வரியில் மறைந்தும் இன்னொரு வரியில் வெளிப்படையாகவும் தெரிவது ஏன் என்பது என் முதல் ஐயம். கட்டளைவரியில் கடவுச்சொல்லை எழுதாதீர்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் நள்ளிரவில் அதைத் தட்டச்சு செய்ய ஆள் இல்லாதபோது எங்கேயாவது எழுதி வைத்துத்தானே ஆக வேண்டும்? அப்படியானால் எங்கே வைத்தால் ஆபத்து குறைவு என்பது இரண்டாவது ஐயம். பேக்கப் முடிந்ததும் அதை, எஸ்எஸ்ஹெச் வழியாக வேறு கணினிக்குள் நுழையக் கடவுச்சொல்லைத் தானாகக் கொடுக்கும் எஸ்எஸ்ஹெச்பாஸ் மூலம் வேறொரு கணினிக்கு அனுப்புகிறேன். பிறகு இணையச் சேவைகளை அழைக்கும் கர்ல் கட்டளை வழியாக எனக்கு ஒரு குறுஞ்செய்தி வருகிறது. அந்த இரண்டிலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.

பதில்: முனையத்தார்

வணக்கம். முதலில் உங்கள் முதல் ஐயத்தைப் பார்ப்போம். காரணம் புரிந்துவிட்டால் தீர்வு தானாகத் தெரியும்.

லினக்ஸில் ஒரு ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், எந்தச் சொற்களோடு தொடங்கப்பட்டதோ அவை முழுவதும் '/ப்ராக்' அடைவுக்குள் அந்த ப்ராசஸ் எண்ணுக்குரிய 'சிஎம்டிலைன்' என்ற கோப்பில் தெரியும். இயல்பான அமைப்பில் அதை அந்தக் கணினியின் எந்தப் பயனரும் படிக்கலாம். பிஎஸ் கட்டளை செய்வதும் அதைப் படித்துக் காட்டுவதுதான். மைஎஸ்க்யூஎல் நிரல்கள் இதை அறிந்தே, தொடங்கியவுடன் தமக்குத் தரப்பட்ட கடவுச்சொல்லின் மேல் எக்ஸ் எழுத்துகளை எழுதி அழித்துவிடுகின்றன. அவ்வாறு அழிக்கும் முன்பு ஒரு நொடியின் சிறு பகுதி திறந்தே கிடக்கிறது என்றாலும், பிறகு மறைந்துவிடும். நீங்கள் பார்த்த கீழ் வரி அதுதான்.

மேல் வரி மைஎஸ்க்யூஎல்டம்ப்புக்கு உரியதே அன்று. க்ரான் உங்கள் வரியைத் தானே நேரடியாக இயக்குவதில்லை. கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல் ஒன்றைத் தொடங்கி, '-சி' என்ற தேர்வோடு உங்கள் வரி முழுவதையும் அதனிடம் ஒப்படைக்கிறது. நீங்கள் ஜிஸிப்போடு இணைத்திருப்பதால் இரண்டு நிரல்களும் முடியும் வரை அந்த ஷெல் காத்திருக்கிறது. மைஎஸ்க்யூஎல்டம்ப் தன்னிடமுள்ள பிரதியைத்தான் அழிக்க முடியும். தன்னைத் தொடங்கிய ஷெல்லிடம் இருக்கும் பிரதியில் அது கைவைக்க முடியாது. ஆகவே பேக்கப் நாற்பது நிமிடம் ஓடினால் கடவுச்சொல்லும் நாற்பது நிமிடம் திரையில் நிற்கும்.

இதைவிடக் கவலை தரும் செய்தி ஒன்று உண்டு. உபுண்டுவில் க்ரான் ஒரு வேலையைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டளையை அப்படியே சிஸ்லாக் என்ற கணினிப் பதிவேட்டில் எழுதுகிறது. உங்கள் கடவுச்சொல் இரவுதோறும் ஒருமுறை லாக்கில் பதிவாகி, அந்த லாக் சுருக்கப்பட்டுப் பழைய கோப்புகளாகவும், ஜர்னல் என்ற இன்னொரு பதிவேட்டிலும் தங்கியிருக்கும். லாக் கோப்புகளை வேறு சர்வருக்கோ பேக்கப்புக்கோ அனுப்புகிறீர்கள் என்றால் அங்கேயும் இருக்கும். எனவே வேறு எதையும் செய்வதற்கு முன்பு, இன்றைக்கே அந்தக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். அதைப் பார்த்தவர் நல்லவர் என்பதால் அது இன்னும் இரகசியம் என்று பொருளாகிவிடாது.

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். பேக்கப் எடுக்க ரூட் பயனர் தேவையே இல்லை. அதற்கென்று தரவுத்தளத்தில் ஒரு தனிப் பயனரை உருவாக்கி, படிக்கும் உரிமையும், அட்டவணைகளைப் பூட்டும் உரிமை, வியூ, ட்ரிகர் ஆகியவற்றைப் பார்க்கும் உரிமை ஆகியவையும் மட்டும் கொடுங்கள். 8.0.21 பதிப்பு முதல், டேபிள்ஸ்பேஸ் (தரவுக் கோப்புகள் வைக்கப்படும் இடம்) விவரங்களை எடுக்க 'ப்ராசஸ்' என்ற உரிமையையும் மைஎஸ்க்யூஎல்டம்ப் கேட்கும். அந்த உரிமையைக் கொடுப்பதைவிட '--நோ-டேபிள்ஸ்பேசஸ்' என்ற தேர்வைச் சேர்ப்பது நல்லது. இவ்வளவையும் செய்துவிட்டால், கடவுச்சொல் ஒருநாள் வெளியே போனாலும், எடுத்தவர் படிக்கலாமே தவிர அழிக்கவோ திருத்தவோ முடியாது. சம்பளப் பட்டியலைப் படிப்பதே இழப்புதான்; ஆனாலும் மொத்தமும் அழிந்துபோவதும் ஒருவர் படித்துவிடுவதும் ஒன்றாகா.

அடுத்து, கட்டளையை க்ரான்டேபிலிருந்து எடுத்து ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் வையுங்கள். கடவுச்சொல்லை அந்த ஸ்கிரிப்டிலும் எழுதாமல், மைஎஸ்க்யூஎல் படிக்கும் ஆப்ஷன் கோப்பு ஒன்றில், 'கிளையன்ட்' என்ற தலைப்பின் கீழ் பயனர் பெயரோடு எழுதுங்கள். அந்தக் கோப்பின் அனுமதி 600 ஆக, அதாவது உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் கூடியதாக இருக்க வேண்டும். கோப்பை உருவாக்கிவிட்டு அனுமதியை மாற்றுவதைவிட, முதலில், புதிய கோப்புகளுக்கு எந்த அனுமதிகள் கிடைக்கக் கூடாது என்று குறிக்கும் யுமாஸ்க்கை 077 என்று வைத்துக்கொண்டு உருவாக்கினால், இடையில் அது பிறர் கண்ணில் படும் நேரமே இருக்காது. கட்டளையில் அந்தக் கோப்பின் பாதையை '--டிஃபால்ட்ஸ்-எக்ஸ்ட்ரா-ஃபைல்' என்ற தேர்வின் மூலம் தர வேண்டும். இந்தத் தேர்வு மற்ற எல்லாத் தேர்வுகளுக்கும் முன்னால் முதலாவதாக நிற்க வேண்டும். இடம் மாறினால், அப்படி ஒரு தேர்வே தெரியாது என்று பிழைச்செய்தி வரும். நான் ஒரு மாலை முழுவதையும் இதில் தொலைத்திருக்கிறேன்.

போஸ்ட்கிரெஸ் என்ற வேறு தரவுத்தளத்தைப் பயன்படுத்துவோருக்கு இதே வேலையை '.பிஜிபாஸ்' கோப்பு செய்கிறது. அது இன்னும் கண்டிப்பானது: கோப்பின் அனுமதி 600-ஐவிடத் தளர்வாக இருந்தால் எச்சரித்துவிட்டு அந்தக் கோப்பைப் படிக்கவே மறுத்துவிடும். மைஎஸ்க்யூஎல்லும் இவ்வளவு கண்டிப்பாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பதில்: பச்சைத்திரை

கோப்பு, அனுமதி என்று இவ்வளவு சுற்ற வேண்டுமா? 'மைஎஸ்க்யூஎல்_பிடபிள்யூடி' என்ற சூழல் மாறியில் (நிரல் தொடங்கும்போதே அதற்குத் தரப்படும் மதிப்பு) கடவுச்சொல்லை வைத்தால் பிஎஸ் பட்டியலில் தெரியாதே. நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்து வருகிறேன். கூடுதல் பாதுகாப்பு வேண்டுமென்றால் கடவுச்சொல்லை பேஸ்64 முறையில் மாற்றி ஸ்கிரிப்டில் வைத்து, இயங்கும்போது பழைய வடிவுக்குக் கொண்டுவரலாம்.

பதில்: வரப்போரம்

பச்சைத்திரை அவர்களுக்கு: சூழல் மாறி கட்டளைவரியைவிட நல்லது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு ப்ராசஸின் சூழலை அதே பயனரும் ரூட்டும் மட்டுமே '/ப்ராக்' வழியாகப் படிக்க முடியும். மற்றப் பயனர்களுக்குத் தெரியாது. அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு ஷெல்லில் ஏற்றுமதி செய்த மாறி, அந்த ஷெல் தொடங்கும் ஒவ்வொரு நிரலுக்கும், அந்த நிரல்கள் தொடங்கும் நிரல்களுக்கும் பரம்பரையாகப் போய்ச் சேர்கிறது. பேக்கப் ஸ்கிரிப்டிலிருந்து ஓடும் ஜிஸிப்புக்கும் கர்லுக்கும் உங்கள் தரவுத்தளக் கடவுச்சொல் எதற்காகத் தெரிய வேண்டும்? அவற்றுள் ஏதாவது ஒன்று பழுதடைந்து, தன் சூழல் முழுவதையும் பிழை அறிக்கையில் கொட்டினால் கடவுச்சொல்லும் அதோடு வெளியே போகும். நீங்கள் சொன்ன மாறியையே மைஎஸ்க்யூஎல் 8.0 பதிப்பு முதல் கைவிடப்படப் போவதாக அறிவித்திருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சர்விஸ் கோப்பில் 'என்விரான்மென்ட்' என்று எழுதி வைப்போர் பலர். அந்த மதிப்பைச் சிஸ்டம்சிடிஎல்லின் 'ஷோ' கட்டளை எந்தப் பயனருக்கும் காட்டிவிடும். நிரல்களைத் தனித்தனிக் கண்டெய்னர்களில் ஓடவிடும் டாக்கரிலும் அப்படியே, கண்டெய்னருக்குக் கொடுத்த மாறிகளை 'இன்ஸ்பெக்ட்' கட்டளை வரிசையாக அச்சிட்டுத் தரும்.

பேஸ்64 பற்றிச் சொல்ல வேண்டுமானால், அது மறைகுறியாக்கமே அன்று. எழுத்துகளை வேறு எழுத்துகளால் எழுதும் முறை, அவ்வளவுதான். உண்மையான மறைகுறியாக்கத்தையே பயன்படுத்தினாலும், அதைத் திறக்கும் திறவுகோல் அதே ஸ்கிரிப்டில் இருந்தால், கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை நிலைக்கு மேல் வைத்துவிட்டுப் போவதுபோலத்தான். திருடன் முதலில் கை வைத்துத் துழாவுவது அங்கேதான். மைஎஸ்க்யூஎல்லின் கான்ஃபிக் எடிட்டர் உருவாக்கும் '.மைலாகின்.சிஎன்எஃப்' கோப்பும் இதே வகை. திறந்து பார்த்தால் புரியாத எழுத்துகளாக இருப்பதால் பலர் அதைப் பெட்டகம் என்று நம்புகிறார்கள். மைஎஸ்க்யூஎல்லோடு வரும் 'மை_பிரிண்ட்_டிஃபால்ட்ஸ்' என்ற சிறு நிரலை '-எஸ்' தேர்வோடு இயக்கினால் கடவுச்சொல்லைச் சாதாரண எழுத்தில் காட்டிவிடும். தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பவரிடமிருந்து அது காக்கும். கோப்பையே நகலெடுத்தவரிடமிருந்து காக்காது.

இரவுஷிப்ட் அவர்கள் கேட்ட கேள்வியின் உள்ளே இருப்பது இதுதான்: ஆள் இல்லாமல் ஒரு கணினி தானே திறக்க வேண்டுமென்றால், திறப்பதற்கான ஏதோ ஒன்று அந்தக் கணினியிலேயே இருந்தாக வேண்டும். வால்ட் போன்ற பெட்டக மென்பொருளை நிறுவினாலும், அந்தப் பெட்டகத்தை அணுகும் டோக்கனை எங்கே வைப்பது என்ற அதே கேள்வி ஒரு படி தள்ளிப் போய் நிற்கும். பல சர்வர்கள் இருக்கும் இடத்தில் வால்ட்டால் பெரும் பயன் உண்டு. ஒரே சர்வர் வைத்திருக்கும் ஆலைக்கு அது சுமை என்பது என் கருத்து. ரூட் உரிமை பெற்றவரிடமிருந்து எதையும் மறைக்க முடியாது என்று ஏற்றுக்கொண்டு, மற்றவர்களிடமிருந்து மறைத்தால் போதும் என்று தொடங்கினால் வேலை எளிதாகிவிடும்.

உண்மையில் உங்களுக்குக் கடவுச்சொல்லே தேவையில்லை. தரவுத்தளமும் பேக்கப் ஸ்கிரிப்டும் ஒரே கணினியில் இருப்பதால், 'ஆத்_சாக்கெட்' என்ற செருகுநிரலின் மூலம் பேக்கப் பயனரை உருவாக்கலாம். ஒரே கணினிக்குள் நிரல்கள் பேசிக்கொள்ளும் சாக்கெட் வழியாக வருபவர் லினக்ஸில் யார் என்று, இயங்குதளத்தின் மையமான கெர்னலிடமே மைஎஸ்க்யூஎல் கேட்டறிந்து, அந்தப் பெயரும் தரவுத்தளப் பயனரின் பெயரும் ஒன்றாக இருந்தால் உள்ளே விடும். எழுதி வைக்க ஒன்றும் இல்லாததால் திருடுவதற்கும் ஒன்றும் இல்லை. மரியாடிபியில் இது 'யுனிக்ஸ்_சாக்கெட்' என்றும் போஸ்ட்கிரெஸ்ஸில் 'பியர்' என்றும் வழங்கும். உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல்லை நிறுவும்போது ரூட் பயனரே இந்த முறையில்தான் அமைகிறார். எங்கோ படித்த வழிகாட்டியைப் பின்பற்றி அதைக் கடவுச்சொல் முறைக்கு நீங்கள் மாற்றியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பேக்கப்புக்கென்று ஒரு தனி லினக்ஸ் பயனரை உருவாக்கி, க்ரான் வேலையை அவர் பெயரில் ஓட விடுங்கள்.

பதில்: முனையத்தார்

வரப்போரம் அவர்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆப்ஷன் கோப்பு, தரவுத்தளம் வேறு கணினியில் இருக்கும்போது வேண்டியது. இவர் நிலைக்குச் சாக்கெட்தான் பொருத்தம். நான் பழைய பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

எஸ்எஸ்ஹெச்பாஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. அதைக் கைவிட்டு, கடவுச்சொல்லுக்குப் பதிலாக அடையாளம் காட்டும் எஸ்எஸ்ஹெச் சாவி ஒன்றை உருவாக்குங்கள். க்ரானில் ஓடுவதால் அந்தச் சாவிக்குக் கடவுத்தொடர் வைக்க முடியாது. ஆகவே சாவியை எடுத்தவர் என்னென்ன செய்யலாம் என்பதை மறுமுனையில் குறுக்க வேண்டும். பேக்கப்பை வாங்கும் கணினியின் 'ஆத்தரைஸ்ட்_கீஸ்' கோப்பில் அந்தச் சாவியின் வரிக்கு முன்னால் 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற சொல்லையும், இயக்க அனுமதிக்கும் ஒரே கட்டளையையும் எழுதிவிடலாம். முதற்சொன்ன வசதி ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 7.2 பதிப்பில், 2016-இல் வந்தது. அதன்பின் அந்தச் சாவியால் ஷெல் கிடைக்காது. வேறு போர்ட்டுகளுக்குத் தாவவும் முடியாது. இன்னும் நல்லது, சர்வர் பேக்கப்பை அனுப்புவதற்குப் பதிலாக மறுகணினி வந்து எடுத்துக்கொண்டு போவது. அப்போது சர்வருக்குள் நுழைந்தவரால் பழைய பேக்கப்புகளைத் தொடவே முடியாது.

கர்ல் கட்டளையில் குறுஞ்செய்திச் சேவையின் திறவுகோலை '-ஹெச்' தேர்வில் நேரடியாக எழுதியிருப்பீர்கள். 7.55.0 பதிப்பு முதல் அந்தத் தேர்வுக்குப் பின் அட் குறியையும் கோப்பின் பெயரையும் கொடுத்தால், தலைப்பு வரியைக் கோப்பிலிருந்தே படித்துக்கொள்ளும். அந்தக் கோப்புக்கும் 600 அனுமதிதான். ஸ்கிரிப்டில் பிழை தேடுவதற்காக, ஒவ்வொரு கட்டளையையும் அச்சிட்டுக் காட்டும் 'செட் -எக்ஸ்' போடும் பழக்கம் இருந்தால், மாறிகளில் இருக்கும் இரகசியங்களும் விரிந்து லாக்கில் விழும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்த ஸ்கிரிப்டை, கோப்புகளின் பழைய பதிப்புகளையும் சேமித்து வைக்கும் கிட்டில் வைத்திருக்கிறீர்களா? தனியார் களஞ்சியம்தானே என்று எண்ண வேண்டாம். 2016-இல் ஊபர் நிறுவனத்தின் பொறியாளர்கள் பயன்படுத்திய கிட்ஹப் தனியார் களஞ்சியத்துக்குள் நுழைந்தவர்கள், அங்கே கிடைத்த அமேசான் சேமிப்பகச் சாவியைக் கொண்டுதான் 5.7 கோடிப் பேரின் விவரங்களை எடுத்தார்கள். வரியை இப்போது அழித்தாலும் பழைய கமிட்டில், அதாவது முன்பு சேமித்த பதிப்பில், அது அப்படியே இருக்கும்.

பதில்: இரவுஷிப்ட்

எல்லாருக்கும் மிக்க நன்றி. மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொன்னால் பிறருக்கும் பயன்படலாம்.

கிட்டில் எதுவும் இல்லை. அந்த அளவுக்கு ஒழுங்காக நான் இருந்ததில்லை என்பதே காரணம். முதல் நாள், வரப்போரம் அவர்களின் பதிலை முழுவதும் படிக்காமலேயே, ஆப்ஷன் கோப்பு முறையில் அமைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பேக்கப் கோப்பு இருந்தது, குறுஞ்செய்தியும் வந்திருந்தது. தற்செயலாக அளவைப் பார்த்தேன்: 20 பைட். வெறுமையை ஜிஸிப் சுருக்கினால் அவ்வளவுதான் வருமாம். மைஎஸ்க்யூஎல்டம்ப் அனுமதி மறுக்கப்பட்டுத் தோற்றிருக்கிறது. ஆனால் வரியின் கடைசியில் இருந்த ஜிஸிப் வெற்றியோடு முடிந்ததால், எல்லாம் சரியாக நடந்ததாக ஸ்கிரிப்ட் எண்ணிக்கொண்டது. இப்போது பாஷ் ஸ்கிரிப்டில், இணைத்த நிரல்களில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் 'பைப்ஃபெயில்' சேர்த்திருக்கிறேன். கோப்பின் அளவைச் சரிபார்த்த பிறகே குறுஞ்செய்தி போகிறது.

அனுமதி மறுக்கப்பட்டதற்குக் காரணம் கடவுச்சொல்லின் நடுவில் நான் வைத்த ஹேஷ் குறி. ஆப்ஷன் கோப்பில் அந்தக் குறி வந்தால் அதற்குப் பின்னால் இருப்பவை குறிப்புரை என்று விட்டுவிடுமாம். ஆக, பாதிக் கடவுச்சொல்லோடு போய்க் கதவைத் தட்டியிருக்கிறது. மேற்கோள் குறிக்குள் இட்டதும் சரியாகிவிட்டது. பயிற்சித் தம்பிதான் கண்டுபிடித்தார்.

பதில்: வரப்போரம்

அதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. கடவுச்சொல்லை க்ரான்டேபில் வரியில் எழுதுவோருக்கு விழுக்காட்டுக் குறி அதே வேலையைச் செய்யும். க்ரான் அந்தக் குறியைப் புது வரி என்று எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கட்டளைக்கான உள்ளீடாக அனுப்பிவிடும். பழைய கடவுச்சொல்லில் அது இல்லாமல் போனதால்தான் உங்கள் பேக்கப் இத்தனை நாள் ஓடியிருக்கிறது.

பதில்: பச்சைத்திரை

நானும் என் ஸ்கிரிப்டுகளைத் திறந்து பார்த்தேன். ஏழு இடங்களில் அந்த மாறி இருக்கிறது. ஒரு கேள்வி: '/ப்ராக்' அடைவையே பிற பயனர்களுக்குத் தெரியாமல் செய்துவிட்டால் இத்தனையும் தேவையில்லை அல்லவா?

பதில்: முனையத்தார்

செய்யலாம். கெர்னல் 3.3 முதல் '/ப்ராக்' அடைவை 'ஹைட்பிட்' என்ற தேர்வோடு ஏற்றினால், ஒருவர் தம் ப்ராசஸ்களை மட்டுமே காண்பார். ஆனால் சிஸ்டம்டி சார்ந்த சில சேவைகள் அதனால் தடுமாறும். லாக்கில் விழுந்த கடவுச்சொல்லுக்கும் அதனால் பயனில்லை. கூடுதல் வேலியாக வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுச் சுவராக அன்று.

கோப்பில் இருக்கும் இரகசியத்தை வட்டில் சாதாரண எழுத்தாக வைக்க மனம் ஒப்பாதவர்கள், க்ரானுக்குப் பதிலாகச் சிஸ்டம்டி டைமருக்கு மாறி, இரகசியத்தை அந்தச் சேவைக்கு மட்டும் கொடுக்கும் 'லோட்கிரெடென்ஷியல்' வசதியைப் பார்க்கலாம். 247-ஆம் பதிப்பில் வந்தது. டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லோடு பிணைத்து மறைகுறியாக்கும் வடிவம் 250-இல் வந்தது. இரவுஷிப்ட் வைத்திருக்கும் உபுண்டு 22.04-இல் 249 இருப்பதால் முதல் வகை மட்டுமே கிடைக்கும், அதில் கோப்பு வட்டில் சாதாரண எழுத்தாகவே இருக்கும்; 24.04-இல் இரண்டும் கிடைக்கும்.

பதில்: இரவுஷிப்ட்

நேற்று ஆத்_சாக்கெட் முறைக்கு மாறிவிட்டேன். பயனரை உருவாக்கும் வரி மைஎஸ்க்யூஎல் ஹிஸ்டரியில் சேருமோ என்று பயந்தேன். 'ஐடென்டிஃபைட்' என்ற சொல் வரும் வரிகளை அது பதிவதில்லை என்று பிறகு தெரிந்தது. சேர்ந்திருந்தாலும் இப்போது அதில் கடவுச்சொல் இல்லை. க்ரான்டேபில் ஸ்கிரிப்டின் பாதை மட்டும் இருக்கிறது. இரவு 1.30 மணிக்கு மறுபடியும் பிஎஸ் இயக்கிப் பார்த்தோம்; இரண்டு வரிகளிலும் எக்ஸ் எழுத்துகள்கூட இல்லை. எஸ்எஸ்ஹெச் சாவியும் குறுஞ்செய்தித் திறவுகோலும் ஞாயிற்றுக்கிழமை வேலை.

பழைய கடவுச்சொல் எத்தனை லாக்குகளில் கிடக்கிறது என்று அறிய, அதையே தேடுசொல்லாகத் தட்டிச் சிஸ்லாக் கோப்புகளில், சுருக்கிய கோப்புகளுக்குள்ளும் தேடும் ஸெட்கிரெப் ஓட்டினேன். பட்டியல் வந்துகொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த தம்பி தன் திரையை என் பக்கம் திருப்பினார். அவருடைய பிஎஸ் பட்டியலில் என் ஸெட்கிரெப் வரி, கடவுச்சொல்லோடு முழுதாக இருந்தது. நல்லவேளை, அதை அன்று காலையிலேயே மாற்றியிருந்தேன்.